சின்ன டிராக்டர் வாங்கும் முன் வேலையை எண்ணுவோம்

(நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சில குழுக்கள் ஒரு கோரிக்கை வைத்திருக்கீங்க. "பெரிய டிராக்டர் நம்ம துண்டு நிலத்துக்கு வரமாட்டேங்குது. குழுக் கடன்ல ஒரு சின்ன டிராக்டர் வாங்கினா என்ன?" என்பதுதான் அது. நியாயமான கேள்வி. இன்னைக்கு அதைப் பற்றி மட்டும் பேசலாம்.

நம்ம மீஞ்சூர் ஒன்றியத்துல பழவேற்காடு ஏரிக்கரை ஊர்கள்ல மீன்தான் வாழ்க்கை. அதே ஏரிக்கு மேற்கே காட்டூர், மேதூர், தேவம்பட்டு, திருப்பாலைவனம் பக்கம் வந்தா நெல். நம்ம உறுப்பினர்கள்ல பலபேர் இரண்டிலும் கால் வைத்தவங்க. வீட்டுக்காரர் ஏரிக்குப் போவார், அம்மா வழி நிலம் அரை ஏக்கர் இருக்கும், அல்லது குத்தகைக்கு ஒரு ஏக்கர் எடுத்திருப்பீங்க.

இப்படிச் சின்ன நிலம் வைத்திருக்கிறவங்களுக்கு நஷ்டம் எங்கே ஆரம்பிக்குது? உழவுக்குக் காத்திருக்கிற இடத்துலதான். டிராக்டர்காரர் முதல்ல பெரிய நிலத்தை முடிப்பார். அரை ஏக்கருக்கு வண்டியைத் திருப்பவே நேரம் போகுதுன்னு கடைசியாத்தான் வருவார். சம்பாவுக்கு நாள் தள்ளிப்போனா, வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல பிடிக்கும்போது பயிர் இளசா இருக்கும். தண்ணி தேங்கினா அழுகிப்போகும். அதனால உங்க கோரிக்கை ஆசையில வந்தது இல்ல, தேவையில வந்தது. ஆனா அந்தத் தேவைக்கு எந்த மெஷின், எப்படி வாங்குவது, யார் ஓட்டுவது என்று தெரியாம கடன் எழுதினா, காத்திருந்த நஷ்டத்தோட தவணை நஷ்டமும் சேர்ந்துடும்.

சின்ன டிராக்டர் என்றால் எது?

கடையில "சின்ன டிராக்டர்"னு கேட்டா மூணு விதமான மெஷினைக் காட்டுவாங்க. மூணும் வேற வேற.

முதலாவது பவர் வீடர். களை எடுக்கவும் மேல் மண்ணைக் கிளறவும் உள்ள சின்ன மெஷின். பின்னால நடந்துகொண்டே ஓட்டணும். காய்கறி, கீரை, மல்லித் தோட்டத்துல வரிசைக்கு நடுவே போகும். சின்ன ரகங்களை இரண்டு பேர் தூக்கிடலாம்.

இரண்டாவது பவர் டில்லர். இதுக்கு இரண்டு சக்கரம், நீளமான கைப்பிடி. நம்ம நாட்டுல அதிகம் ஓடுறது 12, 13 ஹெச்.பி. டீசல் ரகம். எடை சுமார் 400 கிலோ. நெல் வயல்ல சேடை ஓட்ட இதுதான் பழகின மெஷின்.

மூணாவது மினி டிராக்டர். நாலு சக்கரம், உட்கார்ந்து ஓட்டலாம். 11 ஹெச்.பி.யிலிருந்து 25, 28 ஹெச்.பி. வரை வருது. சாலையில ஓட்ட பதிவு, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேணும். விலையும் கூட.

இது நமக்கு மட்டும் புதுசா வந்த விஷயம் இல்ல. இலங்கையில யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் தமிழ் விவசாயிகள் இரண்டு சக்கர டிராக்டரை "லேண்ட்மாஸ்டர்"னுதான் சொல்வாங்க. ஒரு பழைய ஆங்கிலக் கம்பெனியின் பெயர் அந்த மெஷினுக்கே பெயராகிடுச்சு. உழவுக்கும் அதுதான், டிரெய்லர் மாட்டி மூட்டை ஏற்றவும் அதுதான். வங்கதேசத்துல 1988ல் வெள்ளமும் புயலும் வந்து உழவு மாடுகள் ஏராளமா செத்துப்போச்சு. அதுக்கப்புறம் அரசாங்கம் இறக்குமதி விதிகளைத் தளர்த்த, சீனாவிலிருந்து பவர் டில்லர்கள் வந்து குவிஞ்சது. அங்கே எல்லா விவசாயியும் மெஷின் வாங்கல. ஒருத்தர் வாங்கி, பக்கத்து நிலத்துக்கெல்லாம் கூலிக்கு உழுதார். சின்னச் சின்ன நிலம் உள்ள நாட்டுல மெஷின் நிலைச்சது அப்படித்தான். நாமும் இதை மனசுல வைத்துக்கணும்.

முதல் கணக்கு: நடை

கைப்பிடி மெஷின் எல்லாத்துக்கும் பின்னால நாம நடக்கணும். எவ்வளவு தூரம்?

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மெஷின் ஒரு தடவை போனா 2 அடி அகலம் உழுதுன்னு வைத்துக்கொள்ளுங்க. மொத்தம் 21,780 அடி நடக்கணும். ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல. திரும்புற நடை தனி. உழுத மண்ணுல மெதுவாத்தான் நடக்க முடியும், அதனால சுமார் 4 மணி நேரம் ஆகும்.

அதே ஏக்கரை 1 அடி அகலமுள்ள சின்ன பவர் வீடரால உழுதா 13 கிலோமீட்டருக்கு மேல நடக்கணும். "விலை குறைவா இருக்கு, இதையே உழவுக்கும் வைத்துக்கலாம்"னு வாங்கினவங்க இரண்டாம் நாளே மூலையில போட்டுடுவாங்க. பவர் வீடர் 10, 20 சென்ட் தோட்டத்துக்கு நல்லது. ஏக்கர் கணக்கான நெல் வயலுக்கு அது ஆகாது.

வீட்டுப் பின்னால 3 சென்ட், 5 சென்ட் காய்கறித் தோட்டத்துக்கு மட்டும் கேக்குறீங்கன்னா, மெஷினே வேண்டாம். மண்வெட்டியும் களைக்கொத்தும் போதும். வருஷத்துல இரண்டு நாள் கொத்த ஆள் வைத்தாலும் தவணையைவிடக் குறைச்சல்தான்.

இரண்டாவது கணக்கு: மணி

இப்ப பணக் கணக்கு. நான் சொல்ற தொகை எல்லாம் உதாரணத்துக்கு. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மறுபடி கணக்குப் பாருங்க.

ஒரு பவர் டில்லர், மானியம் போக நம்ம கையிலிருந்து 1,20,000 ரூபாய் ஆகுதுன்னு வைப்போம். மெஷின் 8 வருஷம் உழைக்குது. அப்படின்னா,

வருஷத் தேய்மானம் 15,000 ரூபாய்.
3 வருஷக் கடனுக்கு மொத்த வட்டி சுமார் 24,000. அதை 8 வருஷத்துக்குப் பிரிச்சா வருஷம் 3,000 ரூபாய்.
பழுது, ஆயில், டயர், கத்தி மாற்ற 10,000 ரூபாய்.
கொட்டகை, இதர செலவு 2,000 ரூபாய்.

மொத்தம் வருஷத்துக்கு 30,000 ரூபாய். மெஷின் ஒரு நாள்கூட ஓடலைன்னாலும் இதுல பெரும்பகுதி நம்ம தலைமேலதான்.

ஊர்ல உழவு வாடகை மணிக்கு 600 ரூபாய்னு வைப்போம். சொந்த மெஷின்ல டீசலும் ஓட்டுற கூலியும் சேர்ந்து மணிக்கு 300 ரூபாய் ஆகுது. அப்ப ஒரு மணிக்கு நமக்கு மிச்சம் 300 ரூபாய். 30,000 ரூபாயை எடுக்க எத்தனை மணி ஓடணும்? 100 மணி.

ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு இரண்டு உழவு, 8 மணி நேரம். 100 மணிக்கு வேலை வேணும்னா பன்னிரண்டரை ஏக்கர் வேணும். இரண்டு போகம் பயிர் வைக்கிற ஊர்னா ஆறு ஏக்கருக்கு மேல.

இப்ப யோசிங்க. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற ஒரு அக்கா தனியா வாங்கினா வருஷத்துக்கு 8 மணியோ 16 மணியோதான் ஓடும். மீதி நாள் கொட்டகையில நின்னு துருப்பிடிக்கும். அதே மெஷினை ஆளுக்கு ஒரு ஏக்கர் உள்ள 12, 13 பேர் சேர்ந்து வாங்கினா கணக்கு சரியா நிக்குது. ஒரு குழுவுல 12லிருந்து 20 பேர்தானே இருக்கோம்? குழுவா வாங்கினா நிக்கும், தனியா வாங்கினா விழும்.

அதனால முதல் வேலை, குழுக் கூட்டத்துல ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்க. ஒவ்வொருத்தருக்கும் எத்தனை சென்ட், என்ன பயிர், எந்த மாசம் உழவு, போன வருஷம் உழவுக்கு எத்தனை மணி வாடகை கொடுத்தோம், எல்லாத்தையும் எழுதுங்க. கூட்டிப் பாருங்க. 100 மணி வரலைன்னா வாங்காதீங்க. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை மணிக்கணக்குல வாடகைக்கு விடுது. உழவன் செயலியிலும் வாடகைக்குப் பதிவு பண்ண வசதி இருக்கு. குழுவா சேர்ந்து, "எங்க 8 ஏக்கரையும் ஒரே நாள்ல ஓட்டணும்"னு கேட்டா, துண்டு நிலம்னு தள்ளிவிட்ட டிராக்டர்காரரே வருவார். வாங்காமலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

தவணையைப் பற்றி ஒரு வார்த்தை. 1,20,000 ரூபாயை 3 வருஷத்துல கட்ட மாசம் சுமார் 4,000 ரூபாய் ஆகும். நம்ம வீடுகள்ல எல்லா மாசமும் ஒரே மாதிரி வருமானம் வராது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். மழை மாசத்துல கடலுக்கும் போக முடியாது. நெல்லுப் பணம் அறுவடைக்கு அப்புறம்தான். வங்கியில பேசும்போதே, "அறுவடை முடிஞ்ச மாசத்துல கூடுதலா, மத்த மாசத்துல குறைவா கட்டலாமா?"ன்னு கேளுங்க. கேட்கிறது தப்பு இல்ல. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டாத்தான் பலன் இல்ல.

எந்த மெஷின், எந்தக் கருவி?

கணக்கு நிக்குது, வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. கடைக்குப் போகும் முன்னால இதையெல்லாம் பாருங்க.

மண்ணைப் பாருங்க. ஏரிக்கரை, கடற்கரைப் பக்கம் மணல். மணலுக்கு அதிகச் சக்தி தேவையில்ல. ரோட்டவேட்டரை அதிகமா ஓட்டவும் கூடாது. மண் மாவாகி ஈரம் போயிடும். உள்ளே தள்ளி இருக்கிற களிமண் வயலுக்குச் சக்தியும் வேணும், சேற்றுக்குள்ள இறங்க கேஜ் வீலும் வேணும்.

வழியைப் பாருங்க. வரப்பு அகலம், வாய்க்கால் பாலம், தோட்டத்து வாசல் இவற்றை அளந்து எழுதிக்கொண்டு போங்க. நிலத்துக்குள்ள நுழைய முடியாத மெஷின் எதுக்கு?

ஓட்டப்போறவங்களைப் பாருங்க. இதுதான் முக்கியம். கடையில ஆண்கள் ஓட்டிக்காட்டுவாங்க. "எங்க உறுப்பினர் ஓட்டிப் பார்க்கணும்"னு சொல்லுங்க. கைப்பிடி உயரம் இடுப்புக்குச் சரியா வருதா, கிளட்சுப் பிடியை விரல் எட்டிப் பிடிக்குதா, வரப்பு ஓரத்துல 400 கிலோவைத் திருப்ப முடியுதா, பாருங்க. கையால ஹேண்டில் சுற்றி ஸ்டார்ட் பண்ற ரகத்துல ஹேண்டில் எதிர்ப்பக்கம் அடிக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் செல்ப் ஸ்டார்ட் உள்ளதா வாங்குங்க.

பழுது பார்க்கிறவரைப் பாருங்க. கத்தி, பெல்ட், ஃபில்டர் பொன்னேரியில கிடைக்குமா, செங்குன்றம் போகணுமா, திருவள்ளூர் போகணுமா? மெக்கானிக் ஊருக்கு வருவாரா? உழவு நாள்ல மெஷின் நின்னா, ஒரு வாரம் காத்திருக்க நமக்கு நேரம் கிடையாது.

கருவிகளுக்கு வருவோம். பவர் டில்லரோட பெரும்பாலும் ரோட்டவேட்டர் சேர்ந்தே வரும். கேஜ் வீல், பார் போடுற கருவி, கலப்பை, பரம்பு, டிரெய்லர், தண்ணி இறைக்கிற பம்பு எல்லாம் தனி விலை. விலைப்பட்டியல் கேட்கும்போது, "இந்த விலையில எது சேர்த்தி, எது தனி?"ன்னு எழுத்துல வாங்குங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்க வேண்டாம். நெல் ஊருக்கு முதல்ல ரோட்டவேட்டரும் கேஜ் வீலும். கடலை, காய்கறி போடுற ஊருக்கு ரோட்டவேட்டரும் பார் போடுற கருவியும். டிரெய்லர் வாங்கினா உழவு இல்லாத மாசத்துலயும் எரு, வைக்கோல், நெல் மூட்டை ஏற்றி வேலை கொடுக்கலாம். 100 மணிக் கணக்கு எட்ட அது பெரிய உதவி.

ரோட்டவேட்டரையே வருஷம் முழுக்க ஒரே ஆழத்துல ஓட்டினா, கத்தி போகாத அடிமண் தட்டு மாதிரி இறுகிடும். வேரும் இறங்காது, தண்ணியும் இறங்காது. இரண்டு, மூணு போகத்துக்கு ஒரு தடவை கலப்பை போட்டு ஆழமா உழணும்.

மானியமும் பெயரும்

மத்திய அரசு 2014-15ல் வேளாண் இயந்திரமயமாக்கலுக்கு ஒரு துணை இயக்கம் தொடங்கியது. அதில் பெண் விவசாயிகள், சிறு குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் என்று வைத்தார்கள். ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு. பாதி விலை அந்த வரம்பைத் தாண்டினா, வரம்புத் தொகைதான் கிடைக்கும். இந்த வருஷம் ஒதுக்கீடு எவ்வளவு, முழுப் பணத்தை முன்னால கட்டணுமா, குழுவுக்குத் தனித் திட்டம் இருக்கா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துல நேரா போய்க் கேளுங்க. கடைக்காரர் சொல்றதை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீங்க.

விண்ணப்பத்துக்குப் பட்டா, சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் கேட்பாங்க. இங்கேதான் நமக்கு இடிக்குது. உழைக்கிறது நாம, பட்டா யார் பேருல? பட்டா வீட்டுக்காரர் பேர்ல இருந்தா மெஷினும் அவர் பேர்ல போகும். குழுக் கடன் மட்டும் நம்ம பேர்ல நிக்கும்.

இது வெறும் பேச்சு இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு குழுவுல நடந்தது. 14 பேர் சேர்ந்து கடன் எடுத்தாங்க. பட்டா வசதிக்காக ஒரு வீட்டு ஆண் பேர்ல மெஷின் வாங்கினாங்க. இரண்டாவது போகத்துல அந்த வீட்டுப் பையன் வெளியூர்ல கூலிக்கு ஓட்டப் போயிட்டான். உறுப்பினர்கள் பழையபடி டிராக்டருக்குக் காத்திருந்தாங்க. தவணை மட்டும் 14 பேர் கட்டினாங்க. கேட்கப்போனா, "மெஷின் எங்க பேர்ல இருக்கு"ன்னு பதில் வந்தது. அவங்க கையில எந்தத் தாளும் இல்ல.

அதனால மூணு விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க. ஒண்ணு, பில்லும் உத்தரவாத அட்டையும் குழுவின் பேர்ல, அது முடியலைன்னா பட்டா உள்ள ஒரு பெண் உறுப்பினர் பேர்ல இருக்கணும். அவரும் "இது குழுச் சொத்து"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இரண்டு, தீர்மான நோட்டுல எல்லா உறுப்பினரின் பங்கும் எழுதணும். மூணு, சாவி குழு வைத்திருக்கணும்.

இன்னொரு விஷயமும் சொல்றேன். தமிழ்நாட்டுல 1989லேயே சட்டம் திருத்தி, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துல மகளுக்கும் மகனோட சம பங்கு கொடுத்தாங்க. 2005ல் நாடு முழுக்க அந்த உரிமை வந்தது. உங்க பங்கு எங்கே இருக்குன்னு விசாரிங்க. கூட்டுப் பட்டாவுல பேர் சேர்க்க முடியுமான்னு கேளுங்க. மெஷினுக்காக ஆரம்பிச்சாலும் அது நல்லதுதான்.

முறை வைப்பது

மெஷின் வந்தபிறகு சண்டை வர்றது ஒரே இடத்துலதான். மழை பெஞ்ச மறுநாள் எல்லாருக்கும் ஒரே நேரத்துல மெஷின் வேணும்.

இதுக்கு வழி நம்ம ஏரியிலேயே இருக்கு. பழவேற்காட்டுல பாடு முறை தலைமுறை தலைமுறையா நடக்குது. நல்ல மீன்பாடு உள்ள இடத்தை ஒருத்தரே பிடிச்சுக்கக் கூடாதுன்னு, யாருக்கு எந்த நாள், எந்த இடம்னு முறை மாறி மாறி வரும். அதே மாதிரி உழவுக்கும் பாடு வைக்கலாம். போகம் ஆரம்பிக்கும் முன்னால, மழைக்கு முன்னாலயே, சீட்டு எழுதிக் குலுக்கி வரிசை எடுங்க. இந்தப் போகம் கடைசியா வந்தவங்க அடுத்த போகம் முதல்ல. பள்ளமான வயல், தண்ணி முதல்ல ஏறுற வயல் இருந்தா, அதுக்கு மட்டும் எல்லாரும் சம்மதிச்சு முன்னுரிமை கொடுங்க. உறுப்பினர் வேலை முழுசும் முடிஞ்ச பிறகுதான் வெளியார் வேலை.

ஏரிப் பாட்டுக் கணக்குல பெண்கள் பேர் வர்றதில்ல. நம்ம உழவுப் பாட்டுல பெண்கள் பேர்தான் வரும். முறை நல்ல முறை, அதை நமக்கும் எடுத்துக்குவோம்.

மெஷினோட ஒரு நோட்டு இருக்கணும். தேதி, யார் வயல், எத்தனை மணி, எத்தனை லிட்டர் டீசல், யார் ஓட்டினது. பவர் டில்லர் மணிக்குச் சுமார் ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் குடிக்கும். நோட்டுல இரண்டரை, மூணு லிட்டர்னு வந்தா ஃபில்டரையும் பாருங்க, கேனையும் பாருங்க. உறுப்பினர்களும் மணிக்கு ஒரு தொகை கட்டணும். இலவசமா ஓட்டினா பழுதுபார்க்கப் பணம் இருக்காது.

உயிருக்கு ஆபத்து வராம ஓட்டுவது

இந்தப் பகுதியை வீட்டுல ஓட்டப்போற பிள்ளைகளுக்கும் படிச்சுக் காட்டுங்க.

டிராக்டருக்குப் பின்னால கருவிக்குச் சக்தி கொடுக்கிற தண்டுக்கு பி.டி.ஓ.ன்னு பேர். அது வழக்கமா நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். ஒரு நொடிக்கு 9 சுற்று. முந்தானை நுனி மாட்டினா, "ஐயோ"ன்னு கத்துறதுக்குள்ள புடவை மொத்தமும் சுற்றி ஆளை இழுத்துடும். அந்தத் தண்டுக்கு மூடி இல்லாம ஓட்டவே கூடாது. ஓட்டுறவங்க சுடிதார் போடுங்க. புடவைன்னா முந்தானையை இடுப்புல இறுகச் செருகி, மேல முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தான் மாட்டுங்க. தலைமுடியைக் கொண்டை போடுங்க. துப்பட்டா வேண்டாம். காலுக்கு மூடின செருப்போ பூட்ஸோ வேணும்.

ரோட்டவேட்டர்ல வேர், கயிறு, பழைய வலைத் துண்டு சுற்றிக்கும். நம்ம ஊர் மண்ணுல வலைத் துண்டு சாதாரணம். அதை எடுக்க இன்ஜினை முழுசா நிறுத்தணும். கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு கையை விடக்கூடாது, காலால தள்ளவும் கூடாது.

பவர் டில்லர்ல ரிவர்ஸ் எடுக்கும்போது ரோட்டவேட்டர் சுற்றக் கூடாது. பின்னால போற கால் கத்திக்கு நேரா இருக்கும்.

பவர் டில்லருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சமதளத்துல வலது கைக் கிளட்சை அழுத்தினா வலது பக்கம் திரும்பும். இறக்கத்துல, பாரம் வண்டியைத் தள்ளும்போது, அதே கிளட்சை அழுத்தினா எதிர்ப்பக்கம் திரும்பும். ஏரிக்கரை மேட்டிலிருந்து டிரெய்லரோட இறங்கும்போது இது தெரியாதவங்க வாய்க்கால்ல விழுவாங்க. இறக்கத்துல சின்ன கியர் போட்டு, கிளட்சைத் தொடாம, கைப்பிடியைத் தள்ளித் திருப்பணும். முதல் வாரத்துலயே பழகின ஒருத்தரைப் பக்கத்துல வைத்துக்கொண்டு இதைக் கற்றுக்கணும்.

டிரெய்லர்ல ஆள் ஏற்ற வேண்டாம். திருவிழாவா இருந்தாலும் வேண்டாம். இன்ஜின் சூடா இருக்கும்போது டீசல், பெட்ரோல் ஊற்ற வேண்டாம். மூடின அறையில இன்ஜினை ஓடவிட வேண்டாம், அந்தப் புகை ஆளை மயக்கிச் சாகடிக்கும்.

உப்புக் காத்துல மெஷினைக் காப்பது

நம்ம பகுதிக்கு ஒரு தனிப் பிரச்சினை உப்பு. மீஞ்சூர் நிலத்தடி நீர்ல கடல் நீர் ஏறினது 1960களிலிருந்தே தெரிஞ்ச விஷயம். காத்துலயும் உப்பு. வயல் வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியால கழுவுங்க. போர் தண்ணி உப்புக் கரிச்சா அதுல கழுவாதீங்க. தண்ணியால குளிர்ற இன்ஜினா இருந்தா, ரேடியேட்டர்லயும் நல்ல தண்ணியோ கம்பெனி சொல்ற திரவமோதான் ஊற்றணும். உப்புத் தண்ணி உள்ளே படிவு கட்டி அடைச்சுடும், இன்ஜின் சூடாகிடும்.

கத்திக்கும் போல்ட்டுக்கும் பழைய ஆயில் தடவுங்க. பேட்டரி முனையில கிரீஸ் வையுங்க. புது மெஷினுக்கு முதல் ஆயில் சீக்கிரமே மாற்றணும், எத்தனை மணியில என்று கையேட்டுல இருக்கும். படகு இன்ஜினைப் பார்த்து வளர்ந்த வீடுகள் நம்ம வீடுகள். ஏர் ஃபில்டர், ஆயில், டீசல்ல தண்ணி கலந்தா என்ன ஆகும், இதெல்லாம் வீட்டுல பேசிக் கேட்டிருக்கோம். அந்த அறிவு இங்கேயும் உதவும்.

கொட்டகைத் தரையை மேடாக்குங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில தண்ணி எதுவரை ஏறினதுன்னு உங்களுக்கே தெரியும். அந்த அடையாளத்துக்கு மேல மெஷின் நிக்கணும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: பழைய மெஷின் மலிவா வருது, வாங்கலாமா?

பதில்: மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. குளிர்ந்த இன்ஜினை நம்ம முன்னாலயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. கரும்புகை, நீலப்புகை நிக்காம வந்தா விடுங்க. கியர் பெட்டியில ஆயில் ஒழுகுதா பாருங்க. பில் இல்லாத மெஷின் வேண்டவே வேண்டாம். பழைய மெஷினுக்கு மானியம் கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாம அலுவலகத்துல கேளுங்க.

கேள்வி: எங்களுக்கு நிலமே இல்ல, மீன் விற்கிறோம். இதுல எங்களுக்கு என்ன?

பதில்: நல்ல கேள்வி அக்கா. ஓட்டக் கற்றுக்கிட்டா கூலி உங்களுக்கு. மணிக்கு இவ்வளவுன்னு ஓட்டுநர் கூலியைக் குழுவே நிர்ணயிக்கலாம். கேரளத்துல குடும்பஸ்ரீ பெண்கள் குழுவா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் பண்றாங்க. சும்மா கிடக்கிற நிலம் நம்ம பக்கமும் இருக்கு. மெஷின் கையில இருந்தா அந்த யோசனைக்கும் வழி பிறக்கும்.

கேள்வி: பொம்பளைங்க ஓட்டினா ஊர்ல சிரிப்பாங்களே?

பதில்: முதல்ல வங்கிக்குப் போனப்பவும் சிரிச்சாங்க அம்மா. இப்ப கடனுக்கு நம்மகிட்டதான் வர்றாங்க. ஒரு குழுவுக்குக் குறைஞ்சது மூணு பெண்கள் ஓட்டக் கற்றுக்கணும். ஒருத்தர் மட்டும் கற்றா, அவங்களுக்கு உடம்பு சரியில்லாத நாள் மெஷின் மறுபடி வேறொருத்தர் கைக்குப் போயிடும்.

கடைசியா ஒண்ணு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடன் விண்ணப்பம் கொண்டுவர வேண்டாம். நோட்டைக் கொண்டுவாங்க. எத்தனை ஏக்கர், எத்தனை மணி, பட்டா யார் பேருல, ஓட்ட முன்வர்ற மூணு பேர் யார். இந்த நாலு பதிலும் எழுதின குழுவோட நானே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு வர்றேன். கணக்கு வாங்கச் சொன்னா வாங்குவோம், வாடகைக்குப் போகச் சொன்னா வாடகைக்குப் போவோம்.